பதினொரு மணி பஸ்ஸில் வந்தவர் பார்த்த தஞ்சாவூர்

கேள்வி இது: "எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். வேலை கோயம்புத்தூரில். ஊரைச் சொன்னாலே, 'டெல்டாவா? உட்கார்ந்து சாப்பிடுற ஊராச்சே' என்கிறார்கள். அது போகட்டும் என்றால், தஞ்சாவூர், கும்பகோணத்துக்காரர்களே 'கீழத்தஞ்சையா? வம்பு பிடிச்ச பக்கம்' என்கிறார்கள். இதில் உண்மை ஏதாவது இருக்கிறதா? ஏன் சில பக்கங்களை மட்டும் இவ்வளவு மோசமாகப் பேசுகிறார்கள்?"

நானும் கீழத்தஞ்சைதான், அதாவது பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம். தலைஞாயிறு பக்கத்தில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஒரு கடைமடைக் கிராமத்தில் பிறந்தவன். வேளாண்மைத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். முதல் ஆறு வருடம் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். அப்புறம் நீடாமங்கலம், கும்பகோணம், கடைசியில் வேதாரண்யம். அதனால் நீங்கள் கேட்ட இரண்டு பேச்சையும் நானும் கேட்டிருக்கிறேன். முதல் பேச்சு சிரித்துக்கொண்டே வரும், இரண்டாவது முகம் சுளித்துக்கொண்டு வரும். இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பதுதான் என் பதில். அதைச் சொல்ல வயலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சம்பா நடவு நாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி மாதம். விடியற்காலை நாலரை மணிக்கு ஆண்கள் நாற்றங்காலில் இறங்கிவிடுவார்கள். குனிந்தபடியே இரண்டு கையாலும் நாற்றைப் பறித்து, வேரில் இருக்கும் சேறு போகக் காலில் படார் படார் என்று அடித்து, முடிச்சாகக் கட்டிப் பின்னால் போட்டுக்கொண்டே போவார்கள். இருட்டில் ஆள் தெரியாது, அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். வெளிச்சம் வந்ததும் அந்த நாற்று முடிகளைச் சுமந்துபோய் நடவு வயலில் வீசிவிட்டு, ஒன்பதரை பத்து மணிக்குள் கரையேறிவிடுவார்கள். பெண்கள் ஏழு மணிக்கு இறங்கினால் மதியம் ஒரு மணி வரை நிமிராமல் நடுவார்கள். ஏக்கருக்குப் பதினைந்து இருபது பேர் வேண்டும். அந்த வயல் தார்ச்சாலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஊருக்குப் பின்னால், இரண்டு வாய்க்கால் தாண்டி இருக்கும்.

இப்போது வெளியூர்க்காரர் ஒருவர் பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறார். அவர் கண்ணில் படுவது என்ன? பழையது சாப்பிட்டுவிட்டு மதகுக் கட்டையில் படுத்திருக்கும் நாலு பேர். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கும் இரண்டு பேர். திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தோடு ஒரு பெரியவர். "என்ன சார், இந்த ஊர்ல யாரும் வேலைக்கே போறதில்லையா?" நான் நீடாமங்கலத்தில் இருந்தபோது மேற்கேயிருந்து ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி என்னிடம் இதே வார்த்தையைக் கேட்டார். அவரைக் கையோடு வயலுக்கு அழைத்துப் போனேன். வரப்பில் செருப்பு வழுக்கியதால் பாதியில் திரும்பிவிட்டார். அவர் எழுதிய குறிப்பில், படுத்திருந்த நாலு பேர் இருந்தார்கள். நாலரை மணிக்கு அவர்கள் நின்ற நாற்றங்கால் இல்லை.

நேரம் மாதிரியே மாதமும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. ஜூன் 12 திறப்பதும் ஜனவரி 28 மூடுவதும் வழக்கம். கணக்குப் பார்த்தால் சுமார் 230 நாள். மீதி நாலரை மாதம் ஆற்றில் மணல்தான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரம் இருக்கும்போதே நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவோம். அது பனியிலேயே வளர்ந்துவிடும், உழவும் இல்லை, தண்ணீர் கட்டுவதும் இல்லை. அதை எடுத்துவிட்டால் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வயலில் யாருக்கும் வேலை கிடையாது. கல்யாணம், திருவிழா, கூத்து எல்லாம் அப்போதுதான் நடக்கும். பள்ளிக்கூட லீவும் அப்போதுதான். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அப்போதுதான் வருவார்கள். வந்தவர்கள் பார்த்தது வேலை இல்லாத மாதத்தை. ஊருக்குப் போய்ச் சொன்னது வேலை செய்யாத மனிதர்களை.

பொள்ளாச்சியில் நான் பார்த்தது வேறு உலகம். அங்கே கிணறு. தென்னை, கரும்பு, காய்கறி, மாடு என்று பன்னிரண்டு மாதமும் கைக்கு வேலை உண்டு. வீடே தோட்டத்துக்குள் இருக்கும். உழைப்பவர் உழைக்கும் இடத்திலேயே கண்ணில் படுவார். அந்த மக்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது, ஆறு வருடம் கூடவே இருந்து பார்த்தவன். ஆனால் அவர்களுடைய பம்புசெட்டையும் நம்முடைய ஆற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், அவர்கள் குணத்தையும் நம் குணத்தையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பேசினால் அது நியாயமில்லை. நம் கடைமடையில் போர் போட்டால் பல இடத்தில் உப்புத் தண்ணீர்தான் வரும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க் கிணறு போட்டு, சம்பாவுக்கு முன்னால் வரும் குறுவை நெல்லைச் செய்துவிடலாம். வேதாரண்யத்தில் அதுவும் முடியாது.

சரி, திண்ணையில் இருந்த அந்தப் பெரியவருக்கு வருகிறேன். அவர்தான் முக்கியம்.

டெல்டா கிராமத்தின் அமைப்பைப் பாருங்கள். பஸ் நிற்கிற பெரிய தெருவில், ஒரு காலத்தில், நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சேற்றில் இறங்கியவர்கள் வயல் தாண்டிச் சேரியில் இருந்தார்கள். மிராசுதார் ஏரைத் தொட மாட்டார். காரியக்காரர் பார்த்துக்கொள்வார், பண்ணையாள் செய்வார். ஒரே மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், ஒரு காணி கூட இல்லாத லட்சக்கணக்கான கூலியாட்களும் இருந்தார்கள். காப்பி, சங்கீதம், சீவல், சீட்டு, பகல் தூக்கம் என்று தஞ்சாவூரைப் பற்றி வெளியே போன படம் முழுக்க அந்தப் பெரிய தெருப் படம். அங்கிருந்து படித்து வெளியே போனவர்கள்தான் அதை எழுதினார்கள், பேசினார்கள், ஆசையாக நினைத்துப் பார்த்தார்கள். சேரியிலிருந்து எழுத அன்றைக்கு யாருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. ஆக, திண்ணையைப் பார்த்து ஒரு பட்டம் பிறந்தது. திண்ணைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். பட்டம் மட்டும் ஊரிலேயே தங்கி, இன்று உங்களைப் போலத் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு வருகிறவர்கள் தலையில் விழுகிறது. உங்கள் தாத்தா எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. என் தாத்தாவுக்குத் திண்ணை இருக்கவில்லை.

சோம்பேறிகளின் நாடு என்பவர்கள் நாகப்பட்டினம் துறைமுகத்தையும் மறந்துவிடுகிறார்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகள் கப்பலேறிய முக்கியமான துறை அது. ரஜுலா கப்பலில் பினாங்குக்குப் போன கதை நம் பக்கத்தில் பல வீட்டில் உண்டு. சுவாமிமலையில் காவிரி வண்டலைக் குழைத்து அச்செடுத்துப் பஞ்சலோகம் வார்க்கிறவர்களும், நரசிங்கம்பேட்டையில் பழைய வீட்டு ஆச்சாமரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறவர்களும், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறவர்களும் இதே மண்ணில்தான் இருக்கிறார்கள். கச்சேரியை ரசித்தவரை வைத்து ஊருக்குப் பெயர் வந்தது. அந்த நாகஸ்வரத்தைக் கடைந்தவர் கணக்கில் வரவில்லை.

ஊருக்கு ஒரு குணம் என்று பட்டம் கட்டுவது நமக்குப் புதிதில்லை. மலைநாட்டுக்கு யானை, பாண்டிநாட்டுக்கு முத்து, தொண்டைநாட்டுக்குச் சான்றோர், சோழநாட்டுக்குச் சோறு என்று ஒரு பழைய தனிப்பாடலே இருக்கிறது. 'சோழ வளநாடு சோறுடைத்து' என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கவனித்துப் பாருங்கள், நாலில் ஒன்றுக்குத்தான் மனிதரைச் சொன்னார்கள். நமக்கு வந்தது சோறு. பாராட்டுக்கும் ஏச்சுக்கும் நடுவே ஒரு மெல்லிய வரப்புதான். 'சோறுடைய நாடு' என்பதை எடுத்த குரலைக் கொஞ்சம் மாற்றினால் 'சோத்துக்கு அலையுற கூட்டம்' என்று ஆகிவிடும். ஆகியும்விட்டது. 'திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்று ஊர் ஊராக அழகு சொன்ன நம்மவர்கள், அரசியலில் ஒரு குடும்பத்தைத் திட்டுவதற்காக மன்னார்குடி என்ற பெயரோடு மாஃபியாவைச் சேர்த்தபோது தயங்கவில்லை. அந்த ஊரில் பஸ் ஏறி வெளியே போகிற ஒவ்வொரு பையனும் அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியிருந்தது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது கும்பகோணத்தின் கதை. தெலுங்குப் பத்திரிகையில் இன்றைக்கும் பெரிய ஊழல், மோசடி என்றால் 'கும்பகோணம்' என்றே தலைப்பு போடுகிறார்கள். மலையாளத்திலும் அப்படித்தான். எழுதுகிறவர்களுக்கு ஊர் ஞாபகமே இருக்காது, அது வெறும் சொல்லாகிவிட்டது. இத்தனைக்கும் அது 1854இல் தொடங்கிய கல்லூரி இருக்கிற ஊர். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அந்தக் கல்லூரிக்குப் பெயர். அந்த ஊரில் பிறந்த மாதவராவ் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா என்று மூன்று சமஸ்தானத்துக்குத் திவானாக இருந்தார். இப்படிப் பல சமஸ்தானங்களுக்குத் திவான்களையும் எழுத்தர்களையும் வக்கீல்களையும் அனுப்பிய ஊர். வெளியூரிலிருந்து வந்து மேல்நாற்காலியில் உட்கார்ந்து வரியும் சட்டமும் பேசியவர்களைப் பற்றி அங்குள்ளவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால் அந்தச் சொல்லின் கோபம் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. இது என் ஊகம்தான். ஆனால் கோபம் அந்த அதிகாரிகள் மேலே இருந்திருந்தால், அதைச் சுமப்பது இன்று பித்தளைப் பாத்திரம் விற்கிறவரும் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவரும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கீழத்தஞ்சையை ஏன் இன்னும் மோசமாகப் பேசுகிறார்கள்?

எனக்குப் பத்து வயது இருக்கும். அந்த வருடம் மேட்டூர் திறந்து, கல்லணைக்கு மூன்று நாலு நாளில் தண்ணீர் வந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து எங்களுக்கு வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். இருபத்தைந்து நாள் ஆகியும் வரவில்லை. நாற்றங்கால் வெடித்துவிட்டது. அப்பாவும் ஐந்து பேரும் ராத்திரி அரிக்கேன் விளக்கோடு வாய்க்கால் கரையிலேயே மேற்கே நடந்தார்கள். எட்டு மைல் தள்ளி, மேல்மடைக்காரர்கள் குறுக்கே மண்ணும் வைக்கோலும் வாழைமட்டையும் போட்டு அணைத்திருந்தார்கள். அதை நடுவில் மட்டும் வெட்டிவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிட்டார்கள். அப்பாவின் கணுக்காலில் கருவேல முள் ஏறி ஒடிந்திருந்தது. அம்மா ஊசியைக் காய்ச்சி எடுத்தாள். தண்ணீர் மறுநாள் சாயந்திரம் வந்தது, கணுக்கால் அளவு, குப்பையும் நுரையுமாக. நாங்கள் வாய்க்காலோடு கூடவே ஓடினோம். அதற்கு முன்பே இன்னொன்று வந்துவிட்டது. "கடைமடைக்காரனுங்க வந்து வாய்க்காலை உடைச்சிட்டானுங்க, ரவுடிப் பசங்க." அணைத்தவர்களுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

தலைமடைக்காரர் சத்தம் போட வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் அவர் வாசலில் போகிறது. அவர் அமைதியானவர், கௌரவமானவர் என்று பெயர் எடுப்பது சுலபம். கடைமடைக்காரர் ஒவ்வொரு வருடமும் கேட்டே ஆக வேண்டும். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கரிடம் கேட்க வேண்டும், ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும், கிடைக்காவிட்டால் சாலையில் உட்கார வேண்டும். இருபது வருடம் இப்படிக் கேட்டால் அவர் பெயர் வம்புக்காரர். ஏச்சும் தண்ணீர் போகிற வழியிலேயே போகிறது. தண்ணீர் போகப் போகக் குறைகிறது, ஏச்சு கூடுகிறது. பெங்களூரில் இருப்பவர் தமிழ்நாட்டைப் பற்றி 'எப்பப் பார்த்தாலும் தண்ணி தண்ணின்னு அழுவாங்க' என்கிறார். சென்னைக்காரர் டெல்டாவைப் பற்றி அதையே சொல்கிறார். தஞ்சாவூர்க்காரர் திருத்துறைப்பூண்டியை. திருத்துறைப்பூண்டிக்காரர் இன்னும் கிழக்கே போனால் உப்பளத்துக்காரரையும் மீனவரையும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரியில் நமக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்புச் சொன்னதே, அந்தக் கணக்கு கர்நாடகத் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலு எல்லையோடு முடிகிறது. அதற்குக் கீழே யார் பங்கு யாருக்குப் போகிறது என்ற சண்டையைக் கடைமடைக்காரர் ராத்திரியில் தனியாகத்தான் போட வேண்டியிருக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் மேட்டூர் ஜூன் 12இல் திறக்கவே இல்லை. 2020இல்தான் மறுபடி அந்தத் தேதியில் திறந்தார்கள். அந்த எட்டு வருடத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள் என்று உங்களுக்கே தெரியும். அங்கே போய்க் கேட்ட வார்த்தை, 'டெல்டா ஆளு வேலைக்கு நிக்க மாட்டான்'.

இன்னொரு காரணம் பழையது, வலியும் அதிகம். கீழத்தஞ்சையில் கூலியாட்கள் தலை நிமிர்ந்தார்கள். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார். தமிழ் அவருக்குத் தாய்மொழி கூட இல்லை. அதுவரை சாட்டையடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பாலும் இங்கே தண்டனையாக இருந்தன. வேலைக்கு ஒரு நாள் வராததற்கு, குழந்தைக்குப் பால் கொடுக்க வரப்பில் உட்கார்ந்ததற்கு. அது நின்றது சங்கத்தால். 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் தனியாகச் சட்டம் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்த மனிதரின் நினைவிடம் உங்கள் திருத்துறைப்பூண்டியில்தான் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் கணக்கில் அந்தக் காலத்திலிருந்தே கீழத்தஞ்சை 'கெட்டுப்போன' பக்கம். குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்ததைத்தான் திமிர் என்றார்கள், வம்பு என்றார்கள்.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். கூலியைக் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள், அதுதான் அவர்கள் செய்தது. கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் சொன்ன காரணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவர்கள் பணக்காரர்கள், நிறைய நிலம் வைத்திருப்பவர்கள், ஒருவர் கார் கூட வைத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய் வீடுகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது அது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடையாது. பெரிய மனிதரென்றால் செய்திருக்க மாட்டார், கூலிக்காரர் என்றால் வம்பு செய்திருப்பார். டீக்கடைப் பேச்சில் இருக்கும்வரை அது வெறும் பேச்சு. கோர்ட்டுக்குள் போனபோது 44 பேருக்கு நியாயம் கிடைக்கவில்லை. அதற்கு அப்புறமும் வெளியூரில் வெண்மணி என்ற பெயரைச் சொன்னால், 'அந்தப் பக்கமா, கலவரம் நடக்குற இடமாச்சே' என்று சொன்னவர்கள் உண்டு. எரிந்தவர்கள் ஊருக்கே கலவர ஊர் என்று பெயர்.

இதே கண்ணைத்தான் கஜா புயலிலும் பார்த்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அப்போது நான் ஓய்வுபெற்று ஊரில் இருந்தேன். மாமரம், முந்திரி, தென்னை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவில் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. நாலாம் நாள் குடிதண்ணீர் கேட்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்த ஒருவர் சென்னையிலிருந்து போனில், "என்ன சார் உங்க ஜனங்க, உதவி பண்ண வர்ற வண்டியை மறிக்கிறாங்களே" என்றார். 2015இல் சென்னை வெள்ளத்தில் முழுகியபோது எங்கள் பக்கத்திலிருந்து அரிசி மூட்டை கட்டி அனுப்பினோம். மாடியில் நின்று படகுக்குக் கத்தியவர்களை அப்போது யாரும் முரடர்கள் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கேமரா பக்கத்தில் இருக்கிற ஊரில் அது தவிப்பு, தூரத்து ஊரில் கலாட்டா.

அதிகாரிகளும் இதற்கு உரம் போடுகிறார்கள். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று ராமநாதபுரத்தை வைத்து மிரட்டிய காலம் உண்டு. எங்கள் துறையில் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து உத்தரவு அப்படித்தான் பார்க்கப்பட்டது. தண்டனையாக வந்து சேர்ந்தவர் ஊரைப் பிடித்து நேசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. குடும்பத்தைத் தஞ்சாவூரில் வைத்துவிட்டு, வாரத்தில் நாலு நாள் தங்கி, ஊர்க்காரர்களைக் குறை சொல்லிக்கொண்டே அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பார். அவர் எழுதுகிற குறிப்பும், போன இடத்தில் சொல்கிற கதையும்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்த வேதாரண்யம்.

அந்த வேதாரண்யத்தை நோக்கி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்து வந்தார்களே, அப்போது தொண்டர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று கலெக்டர் உத்தரவு போட்டார். நம் ஜனங்கள் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிச் சாலை மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். 'சோத்துக்கூட்டம்' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஞாபகம் வருவது அந்தப் பொட்டலங்கள்தான்.

உண்மையே இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சாதி பார்ப்பதில் டெல்டா எவருக்கும் சளைத்ததில்லை. சாணிப்பால் ஊற்றியவர்களும் இந்த மண்ணின் மனிதர்கள்தான். சுடுகாட்டுப் பாதைக்கு இன்னும் சண்டை நடக்கிற ஊர்களை எனக்குத் தெரியும். குடியும் இருக்கிறது. காரைக்காலில் விலை மலிவு என்று எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருகிறவர்கள் குடும்பத்தை அழித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். இவை நம் குறைகள், நாம்தான் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் பாருங்கள், வெளியே நமக்குக் கட்டிய பட்டங்களில் சாதிக்கொடுமை வரவே வராது. ஏசுவதற்கு எது இருந்ததோ அதை விட்டுவிட்டு, சோற்றையும் தூக்கத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 'நூறு நாள் வேலைன்னு மரத்தடியில் தூங்குறாங்க, நடவுக்கு ஆள் கிடைக்கல.' அறுப்புக்கு பெல்ட் மெஷின் வந்து, இருபது பேர் ஒரு நாள் செய்ததை ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது. கடைமடையில் நடவே குறைந்து நேரடி விதைப்பாகிவிட்டது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதபோது நாற்று விட்டுக் காத்திருக்க முடியுமா? களையெடுப்பும் மருந்தாகிவிட்டது. வருடத்தில் நூறு நூற்றிருபது நாள் வயலில் நின்ற ஒரு பெண்ணுக்கு இன்றைக்கு முப்பது நாள் கிடைத்தால் பெரிது. வேலையை எடுத்துக்கொண்டது இயந்திரமும் தண்ணீரும். பெயர் மட்டும் அந்த அம்மாளுக்கு. இதை வெளியூர்க்காரர்கள் சொல்வதில்லை, நம் ஊர் நிலக்காரர்களே சொல்கிறார்கள். திண்ணையிலிருந்து பிறந்த பட்டத்தை இப்போது திண்ணைக்காரர்களே கீழே இறக்கி வைக்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

என் தங்கைக்கு 1980களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வரன் வந்தது. எல்லாம் பொருந்தி, மாப்பிள்ளை வீட்டார் ஊரைப் பார்க்க வந்தார்கள். வைகாசி மாதம். வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. திண்ணை இல்லாத வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காப்பி குடித்துவிட்டுப் போய், "கடைமடை ஊரு, தண்ணி ஏறாத இடம், ஆளுங்களும் ஒரு மாதிரி" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அப்பா அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வறண்டு கிடந்த எங்கள் வாய்க்காலில் இறங்கி இருட்டுகிற வரை தூர் வாரினார். ஜூன் திறப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

உங்கள் அலுவலகத்தில் அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் சண்டை போடாதீர்கள். எங்கள் ஊருக்கு எந்த மாதம் வந்தீர்கள், எத்தனை மணி பஸ்ஸில் இறங்கினீர்கள், யார் வீட்டில் உட்கார்ந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். நிஜமாகவே பார்க்க ஆசைப்பட்டால் புரட்டாசியில் அழைத்து வாருங்கள். முதல் நாள் ராத்திரியே வந்துவிட வேண்டும். நாலு மணிக்கு எழுப்பி நாற்றங்காலுக்கு நானே கூட்டிப்போகிறேன்.